செல்லார்

ஒரே வளைகுடாவைச் சுற்றி நான்கு நாடுகள் இருந்தன, நான்குக்கும் நான்கு கொடிகளும் நான்கு மத்திய வங்கிகளும் இருந்தன, அந்த நான்கு வங்கிகளின் கவர்னர்களும் அவரவர் நாட்டுத் தாளில் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, இதைக் கொண்டுவருபவருக்கு இதன் மதிப்பைத் தருவேன் என்று உறுதி சொன்னார்கள், சொன்ன மை காய்வதற்குள் பக்கத்து நாட்டுத் தாளைவிடத் தன் தாள் இளைத்துவிட்டதா பெருத்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தார்கள். அந்த எட்டிப் பார்த்தலில் ஓர் ஊர் பிழைத்தது.

ஊரின் பெயர் மூன்றுபாலம். சலூமா நாட்டின் கடைசி முனையில், மூன்று அண்டை நாடுகளுக்கும் ஆளுக்கொரு பாலம் நீட்டிக்கொண்டு நின்ற ஊர். துறைமுகம் வெட்டுவதற்காகக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே தமிழ் பேசிக்கொண்டு, சலூமாவின் பணமான மோரியை வாங்கித் தெரூனாவின் பணமான தெல்லைக் கொடுத்து, தெல்லை வாங்கி மற்றொன்றைக் கொடுத்து, இடையில் ஒட்டிக்கொண்ட மிச்சத்தில் சோறு தின்றார்கள். பாலத்தடியில் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருந்த அவர்களை மாற்றுக்காரர்கள் என்பார்கள். தெரூனாப் பாலத்தின் முதல் மேசை முத்துவடிவுடையது. ஊரில் பாதிப்பேர் அவளிடம் கைமாற்று வாங்கியிருந்தார்கள், அதனால் அவளைவிட மூத்தவர்கள்கூட வடிவக்கா என்றுதான் அழைத்தார்கள்.

பிறகு நான்கு நாடுகளும் ஒன்றுகூடி இனி நமக்குள் ஒரே பணம் என்று ஒப்பந்தம் போட்டன. அதற்குக் கூட்டுக்காசு என்று பெயர். ஒப்பந்தத்தின் முதல் பிரிவு, நான்கு நாடுகளுக்கிடையே சரக்குகள் தடையின்றிச் செல்லும் என்றது. மனிதர்களைப் பற்றிய பிரிவு பின்னிணைப்பில் இருந்தது. பெரிய மூன்று நாடுகளுக்கும் போதுமான புதுத் தாள் அச்சிடப்பட்டது. சலூமாவுக்கு வந்த பெட்டிகள் தலைநகரத்து வரிசையின் முதல் தெருவைத் தாண்டுவதற்குள் தீர்ந்துபோயின. சலூமாவின் கவர்னர் வானொலியில் வந்து, கடைசி மோரித் தாளையும் மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் நாற்காலியைவிட்டு எழுந்திருப்பேன் என்றார். வாரக் கடைசியில் நாற்காலி இருந்தது, அவர் இல்லை. மூடிய கதவுக்கு வெளியே வரிசை தன் இடத்தை விட்டுக்கொடுக்காமல் இன்னும் பல நாள் நின்றது.

முத்துவடிவின் மகள் பவளம் அப்போது தெரூனாவில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. அறுவை செய்யலாம், செய்தால் பிழைப்பாள், மாதம் முடிவதற்குள் செய்தாக வேண்டும், கூட்டுக்காசாக முழுப் பணத்தையும் கட்டினால்தான் செய்வோம் என்று சொல்லியிருந்தார்கள். பணம் இருந்தது. மாற்றுமேசையில் உட்கார்ந்து சேர்த்தது முழுவதும் மோரியாக, சிவப்புத் துணியில் சுற்றி, அரிசித் தகரத்துக்குள் இருந்தது. மூன்றுபாலத்தில் அதை மாற்ற ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை. ஆனால் பாலத்துக்கு அந்தப் பக்கம், தெரூனாவில், கூட்டு வங்கி ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தது. அங்கே மாதக் கடைசிவரை மோரியை எடுத்துக்கொள்வார்கள். தகரத்திலிருந்து ஜன்னலுக்கு நடந்துபோக ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் ஆகும். மறுநாள் போகலாம் என்று அவள் இருந்தாள். அந்த மறுநாளில்தான் அறிவிப்பு வந்தது.

அறிவிப்பை நான்கு மொழிகளில் எழுதினார்கள். தமிழ் வரைவில், 'பழைய மோரித் தாள், கையில் வைத்திருப்பவர் யாராயினும், இன்றுமுதல் செல்லாது' என்று இருந்தது. அது மத்திய வங்கியின் மொழிப் பிரிவுக்கு மூன்றுபாலத்தில் இருந்தபடியே பிழை திருத்திவந்த பண்டிதர் திருமேனிநாதரிடம் போனது. பண்டிதருக்குக் காற்புள்ளி பிடிக்காது, அதை வெள்ளைக்காரன் சிந்திய மை என்பார். முதலில் இரண்டு காற்புள்ளிகளையும் எடுத்தார். எடுத்ததும் 'வைத்திருப்பவர் யாராயினும் செல்லாது' என்று ஆனது. வைத்திருப்பவர் மனிதர், உயர்திணை. செல்லாது என்பது அஃறிணை வினை. ஒரு நாட்டின் கடைசி அறிவிப்பு திணை வழுவோடு போகக் கூடாது என்று அவர் வருந்தி, தாளுக்கு ஓர் இரண்டாம் வேற்றுமை உருபைச் சேர்த்து, வினையைத் திருத்தி, கையெழுத்துக்கு அனுப்பினார். கவர்னருக்குத் தமிழ் தெரியாது. நாற்காலியைவிட்டுக் காணாமல் போவதற்கு முன் அவர் போட்ட கடைசிக் கையெழுத்து அது.

'பழைய மோரித் தாளைக் கையில் வைத்திருப்பவர் யாராயினும் இன்றுமுதல் செல்லார்.'

அறிவிப்பைக் காலையில் ஒலிபெருக்கியில் படித்தார்கள், படித்து முடித்ததும் மூன்றுபாலம் நின்றது. பால்காரர் சைக்கிளில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றார், பள்ளிக்கூட ஆசிரியை சாலையைப் பாதி கடந்து நின்றாள், சவரம் முடிந்து நாற்காலியைவிட்டு எழுந்தவர் கண்ணாடிக்கு எதிரே தன் முகத்தையே பார்த்துக்கொண்டு மதியம்வரை நின்றார். வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை, கை அசைந்தது, வாய் பேசியது, கால் மட்டும் போகவில்லை. ஆசிரியையின் கைப்பையின் வார் அறுந்து பை தரையில் விழுந்தபோது அவள் ஓரடி எடுத்து வைத்தாள், குனிந்து பையை எடுத்தாள், மறுபடி நின்றாள், அதைப் பார்த்துத்தான் ஊருக்கு விஷயம் புரிந்தது. மோரியைக் கீழே போட்டவர் போனார். வைத்திருந்தவர் நின்றார்.

ஏழைகள் முதலில் நடந்தார்கள், அவர்களிடம் போடுவதற்கு அதிகம் இல்லை. மற்றவர்கள், வங்கி மனம் மாறும், புதுக் கவர்னர் வருவார், பொறுத்துப் பார்ப்போம் என்று நின்றார்கள், நிற்பவர்களுக்கு ஏற்றபடி ஊர் தன்னை மாற்றிக்கொண்டது. டீக்கடைக்காரர் நிற்பவர்களின் இடத்தை வைத்தே கணக்கு வைத்துக்கொண்டார், தபால்காரர் வீட்டு எண்ணை அடித்துவிட்டு வேப்பமரத்தடி, கோயில் வளைவு, குழாயடிக்கு இரண்டு எட்டு தள்ளி என்று எழுதினார், கல்யாணம் நிச்சயமான ஒரு மாப்பிள்ளை பேருந்து நிறுத்தத்தில் நின்றதால் பெண்ணையும் பந்தலையும் அங்கேயே கொண்டுவந்தார்கள், வலம் வர முடியாததால் ஐயர் அக்கினியைச் சட்டியில் எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையைச் சுற்றிவந்தார். வெயிலுக்குக் குடையும் மழைக்குத் தார்ப்பாயும் வாடகைக்கு வந்தன. வாடகையை மோரியில் வாங்க மறுத்தார்கள்.

அறிவிப்பு தமிழ் தெரிந்தவர்களை மட்டும்தான் நிறுத்தியது, ஏனென்றால் மற்ற மூன்று மொழிகளிலும் தாள்தான் செல்லாமல் போயிருந்தது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தமிழ் வராது என்று தலைமுறையாகச் சொல்லிவந்த சுங்கத்துறைப் பெரிய அதிகாரி ராம்சே, பாலத்தின் நடுவில், கோட்டுப் பையில் கைவிட்டபடி ஒரு நாள் முழுக்க நின்றார். பையில் ஒன்றுமில்லை, முழங்கால் வாதம் என்று அவர் சலூமா மொழியில் சொன்னார். மீன்காரிகள் அவரைச் சுற்றி நின்று, ராமசேஷா, வாதத்தை எடுத்துக் கீழே போடு, நடப்பாய் என்று தமிழில் வைத்தியம் சொன்னார்கள். மூன்றுபாலத்தில் தமிழ் தெரியாதவர் என்று யாருமே இருக்கவில்லை, தெரியாததுபோல இருந்தவர்கள்தான் இருந்தார்கள் என்பது அந்த வாரம் வெளியே வந்தது. உண்மையிலேயே தமிழ் தெரியாத வெளியூர் லாரிக்காரர்கள் சிலர் பாதிக்குப் பாதி கூலி பேசி மூட்டைகளை வாங்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டினார்கள். தாண்டினவர்கள் திரும்பி வரவில்லை.

முத்துவடிவு அரிசித் தகரத்தைத் திறந்து சிவப்பு மூட்டையைக் கையில் எடுத்தாள், எடுத்த இடத்தில் நின்றாள், உலை பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து சோறு அடிப்பிடித்துக் கருகும்வரை அதைக் கையில் பிடித்துக்கொண்டு, கால் என்றைக்காவது மனம் மாறுமா என்று பார்த்தாள். பிறகு மூட்டையைத் தகரத்தில் போட்டுவிட்டு வெறுங்கையோடு பாலத்தைத் தாண்டி மகளைப் பார்க்கப் போனாள். தினமும் அப்படித்தான் போனாள். வெறுங்கையோடு போனால் ஆஸ்பத்திரிக் கதவு திறந்தது, அறுவை அறைக் கதவு திறக்கவில்லை. பணத்தோடு புறப்பட்டால் அடுக்களையே தாண்டவில்லை. பவளத்தின் உதடு நாளுக்கு நாள் நாவல்பழம் தின்றவளைப்போல நீலமாகிக்கொண்டு வந்தது.

எண்ணெய்க்கடைத் தங்கராசுதான் கைமாற்று யோசனையைச் சொன்னார். வைத்திருப்பவர்தானே செல்லார், யாரும் செல்ல வேண்டாம், நின்ற இடத்தில் நின்று ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குக் கொடுப்போம், பணம் தானாகப் போய்ச் சேரும் என்றார். அவர் கடை வாசலிலிருந்து பாலத்தின் அந்தக் கடைசிவரை ஊர் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக நின்றது, தங்கராசு தன் மூட்டையை முதல் கையில் கொடுத்தார், அது சிரிப்பும் பாட்டுமாக நூற்றுக்கணக்கான கைகள் வழியாகப் போனது. மறுமுனையில் நின்ற அவருடைய மைத்துனர் கையில் துணி மட்டும் வந்து சேர்ந்தது, முடிச்சு அவிழாமல். யாரும் திருடவில்லை. ஆளுக்கு ஒரு தாள்தான், ஒன்று போனால் தெரியவா போகிறது என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள். எடுத்த தாளோடு வரிசை முழுவதும் பாலத்தின்மேல் அசையாமல் நின்றது, தங்கராசு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு, முகம் பார்க்க முடியாமல் கடலைப் பார்த்துத் திரும்பிய முதுகுகளையும் பார்த்துக்கொண்டு, அந்தக் கடைசிவரை நடந்தார். அவர் ஒருவரால்தான் நடக்க முடிந்தது. அதன்பின் யாரும் கைமாற்று பற்றிப் பேசவில்லை.

அறிவிப்பைத் திருத்தக் கேட்கலாம் என்று ஒரு கூட்டம் தலைநகரத்துக்குப் போய் வந்தது. சலூமாவின் மத்திய வங்கி கூட்டு வங்கியோடு கரைந்துவிட்டது, அதன் கவர்னர் என்று இப்போது யாரும் இல்லை, கவர்னர் கையெழுத்திட்டதைக் கவர்னர்தான் திருத்த முடியும், கூட்டு வங்கிக்குத் தமிழ் என்றொரு பிரிவே கிடையாது, ஆகவே அப்படி ஓர் அறிவிப்பே இல்லை என்று காவலாளி வாசலில் வைத்தே சொல்லி அனுப்பினார். இளைஞர்கள் இரண்டு பேர் சுவரொட்டிகளில் 'செல்லார்' என்பதைக் கரியால் அடித்து 'செல்லாது' என்று எழுதிப் பார்த்தார்கள். கரி மழையில் கரைந்தது.

வழியை ஒரு கைக்குழந்தை காட்டியது. இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி கடைத்தெருவில் நடந்துபோனாள், குழந்தையின் மூடிய கைக்குள் ஒரு மோரித் தாள் கசங்கி இருந்ததைக் காய்கறிக்காரர் பார்த்துச் சொன்ன பிறகும் அவள் நடந்துகொண்டே இருந்தாள். ஊர் பண்டிதரிடம் ஓடியது. பண்டிதர் தன் அறையில், ஜன்னலோரம், கடைசிச் சம்பளத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அறிவிப்பு வந்த நாளிலிருந்து நின்றுகொண்டிருந்தார். போட்டுவிட்டு உட்காருங்கள் ஐயா என்று எவ்வளவு சொல்லியும், உழைத்து வாங்கிய ஊதியத்தைத் தரையில் போடமாட்டேன் என்றார். அவர் குழந்தையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். குழந்தை அழுதது என்போம், குழந்தை சிரித்தது என்போம், அது அஃறிணை, செல்லார் என்ற வினை அதைத் தொடாது என்று, இலக்கணம் இவ்வளவு தூரம் வேலை செய்வதில் கொஞ்சம் பெருமையும் நிறையப் பயமுமாகச் சொன்னார்.

அன்றே கைக்குழந்தைகளுக்கு வாடகை ஏறியது. பிறகு ஆடுகளின் கழுத்தில் கட்டி அனுப்பினார்கள்; அந்தப் பக்கத்துக் காவலர்கள் ஆட்டையும் கழுத்திலிருந்ததையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். பிறகு பிரேதங்கள் போயின, பிரேதம் கிடந்தது என்றுதானே சொல்கிறோம். பாலத்துக்கு அந்தப் பக்கத்துச் சுடுகாட்டில்தான் எரிக்க வேண்டும் என்று செத்தவர்கள் எல்லோரும் திடீரென ஆசைப்பட்டிருந்தார்கள், சாகக் கிடந்த ஒரு பெரியவரை அதுவரை எட்டிப் பார்க்காத பங்காளிகள் காலையும் மாலையும் வந்து இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள், அவர் பயந்து எழுந்து கஞ்சி குடித்துவிட்டார். இப்படி வெள்ளமாக வரும் பழைய தாளைக் கண்டு தெரூனா விழித்துக்கொண்டு, கைக்குழந்தைகள், கால்நடைகள், பிரேதங்கள் மூன்றுக்கும் பாலத்தில் தடை என்று பலகை வைத்தது. மாதம் முடிய ஒரு வாரத்துக்கும் குறைவாக இருந்தது.

முத்துவடிவு பண்டிதர் முன்னால் போய் நின்றாள்.

"வளர்ந்த மனுஷிய அஃறிணையா ஆக்க முடியுமா ஐயா?"

"திணை பொருளில் இல்லையம்மா, சொல்கிறவர் கருத்தில் இருக்கிறது. உன்னை அறிந்த எல்லோரும் உன்னை அது என்றால் நீ அதுதான். வாயளவில் சொன்னால் போதாது. உன்னை மதிக்கிற மனம் ஒன்று மிச்சம் இருந்தாலும் கால் நகராது."

"அப்புறம் திரும்பி மனுஷி ஆகுறது?"

பண்டிதர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நன்னூலில் அதற்கு விதி இல்லை என்றார்.

அவள் தெருவில் வீடு வீடாகப் போய்க் கேட்டாள். முதலில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, வடிவக்காவை எப்படி, எங்கள் வீட்டு வாசற்படிக்கே வந்து கடன் கொடுத்த கை, நாக்கு அழுகிவிடும் என்றார்கள். என் பிள்ளை பிழைக்க வேண்டும் என்று ஒவ்வொரு வாசலிலும் ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போனாள். மறுநாள் ஒத்துக்கொண்டார்கள். முதல் நாள், அது வருது, அது போகுது என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்கள். இரண்டாம் நாள் துடைக்கவில்லை. பேசிக்கொண்டிருப்பவர்கள் அவள் வந்தாலும் பேச்சை நிறுத்தவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை, தண்ணீர்க் குடங்களை அவள்மேல் சாய்த்து வைத்தார்கள், எதிர்வீட்டுப் பேச்சியம்மாள், முப்பது வருஷத் தோழி, ஈரப் பாயை அவள் தோளில் காயப்போட்டுவிட்டுப் போய், எடுக்க மறந்துவிட்டாள். அவளிடம் கைமாற்று வாங்கியிருந்தவர்களுக்கு அது இன்னும் சுலபமாக வந்தது. இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஆனாலும் மூட்டையை எடுத்தால் கால் நின்றது. ஒரு வாய் மிச்சம் இருந்தது. அது அவள் கணவன் சங்கிலியுடையது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் சங்கிலி கல்யாணமான நாள்முதல் மனைவியைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. வீட்டில் அதுகிட்ட கேளுங்க, அது எங்கே போய்த் தொலைந்ததோ, அதுக்கு என்ன தெரியும் என்றுதான் ஊரெல்லாம் பேசியிருந்தான். ஊர் முழுக்க அப்படிப் பேசக் கற்றுக்கொண்ட அந்த வாரத்தில் அவன் வாயில் அந்தச் சொல் வரவில்லை. அவ இன்னும் சாப்பிடல என்றான். அவளுக்கு முடியல, கொஞ்சம் தள்ளி நில்லுங்க என்று தண்ணீர்க் குடக்காரர்களிடம் சண்டைக்குப் போனான். பேச்சியம்மாளின் பாயை எடுத்து அவள் வாசலில் வீசினான்.

மாதக் கடைசி நாள் விடிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து, பவளத்துக்கு மூச்சு வாங்குகிறது, இன்று மாலைக்குள் முடிவு சொல்லுங்கள் என்று ஓர் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். முத்துவடிவு மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களையில் நின்றாள். சங்கிலி நிலைப்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இருபது வருஷமா சொன்னீங்க. இப்ப மட்டும் வாயில வரலியா?"

"அப்ப விளையாட்டாச் சொன்னேன் வடிவு."

"எனக்கு விளையாட்டா இருந்துச்சுன்னு யாரு சொன்னா?"

அவன் பெயர் சொல்லி அழைத்ததை இருவரும் கவனித்தார்கள். ஜன்னல் வெயில் தரையில் ஒரு சாண் நகர்ந்தது. அவள் கெஞ்சவில்லை, வெயிலைக் காட்டினாள். சங்கிலி எழுந்தான், முகத்தைக் கழுவினான், பின்னால் திரும்பிப் பார்க்காமல் வாசலுக்கு வந்து, தெருவில் போன கைவண்டிக்காரனைப் பார்த்து, துறைமுகத்தில் கப்பல் சரக்கைப் பற்றிப் பேசும் அதே குரலில் சொன்னான்.

"உள்ள ஒண்ணு கெடக்கு. பாலத்துக்கு அந்தப் பக்கம் போகணும். தானா உருண்டு போயிரும், வழிய விடு."

கால் நகர்ந்தது.

அது வாசலைத் தாண்டியது, தெருவைத் தாண்டியது. யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கையில் சிவப்பு மூட்டையோடு அது பாலத்தின்மேல் போனது, தங்கராசின் தாள்களோடு இன்னும் நின்றுகொண்டிருந்த ஒன்றிரண்டு பேரைத் தாண்டிப் போனது. அந்தப் பக்கத்துக் காவலர் பலகையைப் படித்துப் பார்த்தார். இது கைக்குழந்தை இல்லை, கால்நடை இல்லை, பிரேதமும் இல்லை. ஆகவே சரக்கு. சரக்குகள் தடையின்றிச் செல்லும் என்பது ஒப்பந்தம், எனவே முதுகில் சுண்ணாம்பால் ஒரு குறி போட்டு அனுப்பினார். கூட்டு வங்கியின் ஜன்னலில் மூட்டை இருந்தது, கம்பிக்குப் பின்னாலிருந்த எழுத்தர் அதை எடுத்து எந்திரத்தில் போட்டார், புதுத் தாள்களை மூட்டை இருந்த இடத்தில் வைத்தார், தலையைத் தூக்கவில்லை, கொண்டுவந்தது யார் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது. ஆனாலும் போதுமாக இருந்தது. அது ஆஸ்பத்திரிக்குப் போனது. பணம் கட்டும் இடத்தில் பணம் இருந்தது, ரசீது கிழித்து மேலே வைத்தார்கள்.

மருத்துவர்கள் கை கழுவிவிட்டுக் காத்திருந்தார்கள். அறுவைக்குச் சம்மதம் சொல்ல வேண்டும், மயக்க மருந்து தருவதற்கு முன் பெற்றவர்களில் ஒருவர் வந்து நின்று சொல்லியாக வேண்டும். தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ், ஆக்னஸ் என்று பெயர், வார்டு வாசலில் வந்து, பவளத்தோட வீட்டுலேருந்து யாராவது வந்திருக்காங்களா என்று கேட்டார். நான் வந்திருக்கிறேன் என்று சொல்ல அது வாயைத் திறந்தது. நான் என்ற சொல் தொண்டைவரை வந்து, யார் என்று தெரியாமல் நின்றது. ஆக்னஸ் இரண்டாம் முறை கேட்டார், வாசலோரம் இருந்ததைச் சுற்றிக்கொண்டு போய்த் தாழ்வாரத்தில் எட்டிப் பார்த்தார், திரும்பினார்.

கட்டிலில் இருந்த பவளம் வாசலைப் பார்த்தாள். பார்த்ததும் நீல உதட்டோடு சிரித்தாள், பேசத் தெரிந்த நாள்முதல் பேசியதுபோலவே, செல்லமாகச் சொன்னாள்.

"அம்மா வந்துருச்சு."

ஆக்னஸ் வாசலைப் பார்த்தார், அங்கே யாரும் இல்லை. மூச்சுத் திணறலில் பிள்ளை ஏதோ சொல்கிறது என்று நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். உள்ளேயிருந்து, ஆள் இல்லையென்றால் நாளைக்குத்தான் என்று ஒரு குரல் கேட்டது. நாளை என்பது பவளத்திடம் இல்லை என்பது ஆக்னஸுக்குத் தெரியும்.

"அம்மா நிக்குதே அக்கா. இங்கதான நிக்குது."

வாசலோரம் இருந்தது மகளைப் பார்த்தது. மகள் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் அது இன்னும் கொஞ்சம் கதவைப்போல, கதவோரத்து நாற்காலியைப்போல ஆகிக்கொண்டிருந்தது. பவளம் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். தோளில் ஈரப் பாயின் கோடுகள் இருந்தன. தாழ்வாரத்தின் பக்கம் அம்மா திரும்பியபோது முதுகில் சுண்ணாம்புக் குறி தெரிந்தது, எண்ணும் எழுத்துமாக. துறைமுகத்தில் பெட்டிகளின்மேல் அப்பா காட்டி அவள் பார்த்திருந்த குறிதான். பவளம் கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தாள், மூச்சை இழுத்துச் சேர்த்தாள், பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியையைப் பற்றிச் சொல்வதுபோல, முன்பின் தெரியாத ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

"என் அம்மா வந்திருக்காங்க. அவங்க பேரு முத்துவடிவு."

"எங்க, அவங்கள வரச் சொல்லு," என்றார் ஆக்னஸ், நிமிர்ந்தார், வாசலில் நின்றவளைப் பார்த்து, "எவ்வளவு நேரமாம்மா நிக்கிறீங்க, கூப்பிட்டேன்ல," என்று கடிந்துகொண்டார்.

முத்துவடிவு உள்ளே வந்தாள். நான்தான் என்றாள். சம்மதம் என்றாள். நீட்டிய படிவத்தில், பெயரின் முதல் எழுத்து எது என்று ஒரு நொடி யோசித்து எழுதினாள்.

தள்ளுகட்டிலைத் தாழ்வாரத்தில் உருட்டிக்கொண்டு போனார்கள். பவளம், போயிட்டு வரேம்மா, நீங்க இங்கயே இருங்க என்றாள். நீங்க என்ற சொல் முத்துவடிவின் மேல் விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்தது. அவள் கட்டிலோடு ஓடினாள், கதவு வரைக்கும் ஓடினாள், அங்கே வைத்து ஆக்னஸின் கையைப் பிடித்துக்கொண்டு, புள்ள பயப்படுது என்று சொல்ல வாயெடுத்தாள்; அந்தக் கடைசி எழுத்து நாக்கு நுனிக்கு வந்ததும் அதை விழுங்கிவிட்டு, யாரும் வீட்டில் பேசாத தமிழில், அறிவிப்பைப் படிப்பவளைப்போலச் சொன்னாள்:

"என் மகள் பயப்படுகிறாள்."